ஒத்தக்கையும் பதினாறு சக்கரங்களும்

பட்டறையில் எல்லோரும் அவரை ஒத்தக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். பேரைக் கேட்டதும் ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்ட வேண்டாம். ஆண்டவன் கொடுத்த இரண்டு கையும் அவருக்குப் பத்திரமாக இருக்கின்றன, பத்து விரலோடு, நகக்கண்ணில் கிரீஸ் அழுக்கோடு. எவ்வளவு பெரிய காரையும் ஒரே கையால் தள்ளி நிறுத்துகிற ஆள் என்பதால் வந்த பேர் அது. இன்னொரு கையில் டீ டம்ளர் இருக்கும். காரும் நகரும், டீயும் சிந்தாது. வண்டியை விட வந்தவர்கள்கூட அவசர வேலையை மறந்துவிட்டு அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்தப் பட்டறையைக் கட்டிய புண்ணியவான் கார் என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. ரயில் பெட்டி மாதிரி நீளம், அகலம் கிடையாது, வாசல் ஒன்றே ஒன்று. உள்ளே போன வண்டி வெளியே வரவேண்டுமென்றால் பின்னால் வந்த அத்தனை வண்டியும் ஒதுங்கி வழிவிட வேண்டும். பாதி வண்டிகளுக்கு இஞ்சின் கழற்றி வெளியே கிடக்கும். மீதிக்குக் கியர் இறுகியிருக்கும். ஸ்டார்ட் பண்ணி ஓட்டுகிற பேச்சுக்கே இடமில்லை. அதற்குத்தான் டாலி. முழங்கால் உயரம்கூட இல்லாத இரும்புச் சட்டம், அடியில் மூலைக்கு ஒன்றாக நான்கு குட்டிச் சக்கரம், எந்தப் பக்கமும் திரும்பக்கூடியவை. டயரைச் சுற்றி இதைச் செருகி, பக்கத்திலிருக்கும் மிதியைக் காலால் மிதித்துக்கொண்டே போனால், சட்டம் இரண்டு பக்கமும் டயரை நெருக்கித் தரையிலிருந்து தூக்கிவிடும். நாலு டயருக்கும் நாலு டாலி மாட்டிவிட்டால் கார் முன்னும் போகும், பின்னும் போகும், நண்டு மாதிரி பக்கவாட்டிலும் போகும்.

இந்த டாலிகளை ஒத்தக்கையைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. சட்டதிட்டம் ஒன்றும் இல்லை, அவர் விடமாட்டார், அவ்வளவுதான். பெயின்டர் ஒரு தடவை ஆசைப்பட்டுக் கை வைக்கப்போனபோது, "நீ உன் டப்பாவையும் பிரஷ்ஷையும் பாரு ராசா" என்று விரட்டிவிட்டார். முதலாளியம்மாவே ஒரு வண்டியை நகர்த்த வேண்டுமென்றால், "அண்ணே, அந்த வெள்ளை வண்டிய கொஞ்சம் ஓரங்கட்டிக் குடுங்களேன்" என்று கேட்டுத்தான் வாங்குவார். இருபது வருஷமாக அங்கே அதுதான் பழக்கம். அந்தப் பழக்கம்தான் பிறகு ஒத்தக்கையின் காலை வாரியது.

ஏனென்றால் கார்கள் நகர மறுத்தன.

ஒரே நாளில் வந்ததில்லை அது. முதலில் டீ டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம் இரண்டாவது கையையும் வைத்தார். அப்புறம் தோளைக் கொடுத்தார். கடைசியில் திரும்பி நின்று, முதுகைக் காரில் சாய்த்து, இரண்டு காலாலும் தரையை உதைத்து, நரம்பு புடைக்கத் தள்ளவேண்டி வந்தது. அதற்கும் அது அசைந்தாடி ஒரு முழம் போய் நின்றுகொண்டது. சட்டை தொப்பலாக நனைந்து போனது.

"இப்ப வர்ற வண்டியெல்லாம் என்னா கனம்டா! எதத்தான் வெச்சுக் கட்டறானுங்களோ" என்றார், யாரும் கேட்காமலே.

பெயின்டர் சும்மா இருப்பானா? "ஆமாண்ணே, வண்டிக்குத்தான் வருஷா வருஷம் கனம் ஏறுது. உங்களுக்கு வயசு மட்டும் ஏறவே மாட்டேங்குது" என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒத்தக்கையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு காலைத் தூக்கி உதறிப் பார்த்துக்கொண்டார்.

அவருடைய அப்பா ஒரு கிடங்கில் மூட்டை வண்டி தள்ளியவர். மலை மாதிரி மனிதர். சரியாக இதே வயதில், ஒருநாள் வேலையிலிருந்து சீக்கிரம் வந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். "கால் விட்டுப்போச்சு" என்று மட்டும் சொன்னார். வண்டி நகரவில்லை, காலில் பலம் இல்லை, இனிமேல் முடியாது. அவ்வளவுதான். உட்கார்ந்தவர் படுத்தார், படுத்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. கால் இரண்டும் குச்சியாக இளைத்துக்கொண்டே போனதைப் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்து இவர் பார்த்திருக்கிறார். அப்பாவைக் குளிப்பாட்டியிருக்கிறார். அந்தக் கால்கள் கைக்கு எப்படி இருந்தன என்பது இன்றைக்கும் அவர் உள்ளங்கைக்குத் தெரியும்.

ஆகவே கார் நகரவில்லை என்றதும் அவருக்குக் கார் நினைவுக்கு வரவில்லை, கால்தான் வந்தது.

வீட்டில் ரகசியமாகப் பரிசோதனைகள் ஆரம்பமாயின. பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நின்று பார்த்தார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கெண்டைக்காலை விரலால் சுற்றி அளந்து பார்த்தார். நேற்றைவிட இன்றைக்கு இளைத்திருக்கிறதோ? இல்லையே. இருக்குமோ? காஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தார், அது பூ மாதிரி வந்தது. சரி, கை நல்லாத்தான் இருக்கு, கால்தான் போச்சு என்று முடிவுகட்டினார். மாடிப்படியைத் தடதடவென்று ஏறிப் பார்த்தார், மூச்சுக்கூட வாங்கவில்லை. சரி, ஏறுவதற்குத் தாங்குகிறது, தள்ளுவதற்குத்தான் தாங்கவில்லை என்றார் தனக்குத்தானே. பயம் வந்துவிட்டால் இப்படித்தான், எந்தச் சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அதன் வாயாலேயே தனக்குச் சாதகமாகச் சொல்ல வைத்துவிடும்.

"என்னங்க இது, கொக்கு மாதிரி ஒத்தக்கால்ல நிக்கறீங்க?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

"சும்மாதான். உடம்புக்கு நல்லதாம்."

"யார் சொன்னது?"

"பேப்பர்ல போட்டிருந்தான்" என்று மென்று முழுங்கினார்.

டாக்டரிடம் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கலாம்தான். ஆனால் டாக்டர் பார்த்தால் அதற்கு ஒரு பேர் வைத்துவிடுவார். பேர் வைக்காதவரைக்கும் அது வெறும் களைப்பு. இந்தக் கணக்கில் அவர் பல மாதம் ஓட்டினார். ராத்திரியில் தூக்கமில்லை, பகலில் சிரிப்பில்லை. வீட்டில் ஒருவரிடமும் மூச்சுக் காட்டவில்லை.

அப்புறம் அந்த ஜீப் வந்தது. நல்ல பெரிய உருப்படி, கியர் இறுகிப்போய், முன்சக்கரம் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டு. அதை உள்ளே தள்ளி நிறுத்த ஒத்தக்கை அன்று காலையில் வந்ததிலிருந்தே போராடினார். பாதி வழியில் ஒரு டாலி திடீரென்று இடறி நிற்க, இவர் வழுக்கி முழங்காலில் விழுந்தார். யாரும் பார்க்கவில்லை. எழுந்து தட்டிவிட்டுக்கொண்டு நேரே முதலாளியம்மாவின் அறைக்குப் போனார்.

"அம்மா, இந்த மாசத்தோட நான் நின்னுக்கறேன்."

முதலாளியம்மா கையிலிருந்த போனை வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "என்னண்ணே, யாராவது ஏதாவது சொன்னாங்களா? பெயின்டரா? அவன் வாயைத் தைக்கறேன் பாருங்க."

"அய்யோ, அவன் ஒண்ணும் சொல்லல. என்னால முடியலம்மா."

"என்ன முடியல?"

ஒத்தக்கை பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஜீப்புக்கே திரும்பிவிட்டார். அவர் போனதும் முதலாளியம்மா அவர் மனைவிக்குப் போன் போட்டார்.

மனைவி வேலை பார்ப்பது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில். வார்டு வார்டாகப் போய் அழுக்குப் போர்வைகளையும் விரிப்புகளையும் டிராலியில் அள்ளிப் போட்டுத் தள்ளிக்கொண்டு வரவேண்டும், துவைத்துக் காய்ந்ததைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். நாள் முழுக்கத் தள்ளுகிற வேலைதான். யோசித்துப் பார்த்தால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே தொழில். ஆனால் இருபது வருஷத்தில் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. வீட்டுக்கு வந்தால் பேசுவதற்குப் பால் பாக்கெட்டும், கரன்ட் பில்லும், பிள்ளைகளின் படிப்பும் இருக்கின்றனவே.

போனில் விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்த நிமிஷமே கோபம் வந்தது. அரைநாள் லீவு சொல்லிவிட்டு, சேலைக்கு மேல் போட்டிருந்த சலவைப் பகுதி நீலச் சட்டையைக்கூட மாற்றாமல் பஸ் ஏறினாள்.

பட்டறைக்குள் அவள் நுழைந்தபோது முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பெயின்டர், "வாங்க அண்ணி" என்று ஆரம்பித்தவன், முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். ஒத்தக்கை ஜீப்புக்கு முதுகைக் கொடுத்து முக்கிக்கொண்டிருந்தார். இன்னும் அரை அடி நகர்ந்தால் அடுத்த வண்டிக்கு வழி கிடைக்கும்.

"வேலைய விடப்போறீங்களாமே?"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "நீ எங்க இங்க?"

"ஊருக்கெல்லாம் தெரிஞ்சப்புறம் எனக்குத் தெரியக்கூடாதா? பொண்டாட்டின்னு ஒருத்தி எதுக்கு இருக்கா வீட்டுல? என்ன ஆச்சு உங்களுக்கு?"

அவர் இத்தனை மாதம் மறைத்து வைத்திருந்தது, பெயின்டர் காதிலும் விழும் என்ற நினைப்புகூட இல்லாமல் வெளியே வந்துவிட்டது. "கால் போச்சு. எங்கப்பாவுக்கு ஆன மாதிரியே ஆயிடுச்சு எனக்கும். வண்டிய அசைக்க முடியல. நீ என்னைத் தூக்கிக் குளிப்பாட்டற நெலமை வந்துடும். உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

அவள் கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது. மாமனாரை அவள் பார்த்ததில்லை, ஆனால் அந்தக் கால்களின் கதை கேட்டிருக்கிறாள். என்ன செய்வதென்று தெரியாமல், ஏதாவது செய்தாக வேண்டும் என்பதற்காக, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஜீப்பில் கையை வைத்தாள்.

"நகருங்க. நான் தள்றேன்."

"உன்னால முடியாது."

"நாள் பூரா ஈரப் போர்வை தள்றவ நான். என்கிட்ட சொல்றீங்களா?"

தள்ளினாள். ஜீப் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை தள்ளினாள். ஒரு மூலையில் ஏதோ 'கொறக்' என்றது, அவ்வளவுதான். "டேய் தம்பி, இங்க வா" என்று பெயின்டரைக் கூப்பிட்டாள். அவனும் வந்து முழு பலத்தோடு கை வைத்தான். ஊகூம்.

அவள் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். "அப்போ எனக்கும் கால் போயிடுச்சா? இந்தத் தம்பிக்கும் போயிடுச்சா? பட்டறையில இருக்கற எல்லாருக்கும் சேர்ந்தாப்புல உங்கப்பா வியாதி வந்துடுச்சா?"

இருபது வருஷத்தில் அந்த டாலி மாட்டிய காரை இன்னொருத்தர் மனசார ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. வேறு யாரையாவது ஒரு நாள் தள்ளவிட்டிருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும். அவர் வீம்பு, அவரே அனுபவித்தார்.

அவள் அதற்குள் தரையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து டாலிக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். "அடக் கடவுளே" என்றாள். "என்னங்க இது, சக்கரமா இது?"

ஜீப்பைக் கீழே இறக்கி, ஒரு டாலியை வெளியே இழுத்துக் கவிழ்த்துப் போட்டார்கள். ஒத்தக்கையின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! சக்கரம் வட்டமாக இல்லை. நாள்கணக்கில் ஒரே இடத்தில் காரைச் சுமந்து நின்று நின்று ஒரு பக்கம் சப்பையாகத் தேய்ந்திருந்தது. அச்சைச் சுற்றித் துடைக்கிற துணியின் நூலும், மெல்லிய கம்பித் துணுக்கும், பெயின்ட் அடிக்கும்போது ஒட்டுகிற காகித டேப்பும் சுருண்டு சுருண்டு இறுகிப்போய் ஒரு கட்டியாகக் கிடந்தன. இரண்டு சக்கரம் சுழலவே இல்லை, இழுபட்டுக்கொண்டுதான் வந்திருக்கின்றன. திரும்ப வேண்டிய கழுத்து ஒன்றில் துரு ஏறிப் பூட்டு மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. மற்ற மூன்று டாலியும் அதே லட்சணம்.

"இது என் டேப்புதான்" என்றான் பெயின்டர், நெடுநாளாகத் தொலைந்த சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி.

"நாங்க வாரம் தவறாம டிராலியக் கவுத்துப் போட்டு, சக்கரத்துல சுத்தின முடியயும் நூலையும் பிளேடால அறுப்போம்" என்றாள் மனைவி. "இல்லன்னா தள்ள முடியாது, தோள் கழண்டுடும். நீங்க இதக் கவுத்துப் பாத்து எவ்ளோ நாளாச்சு?"

"கவுத்துப் பாக்கறதா?" என்றார் ஒத்தக்கை. மிதிக்கு எண்ணெய் விடுவார், சட்டத்தைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார். அடியில் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. சக்கரம் நன்றாக இருந்தவரைக்கும் அதன் புகழையெல்லாம் கைக்கு எடுத்துக்கொண்டார், அது கெட்டபோது பழியைக் காலில் போட்டுக்கொண்டார்.

மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும் அவருக்கு. ஆனால் மனசு லேசில் விடுமா? சக்கரம் கெட்டிருப்பது நிஜம். அதோடு காலும் கெட்டிருந்தால்? புதுச் சக்கரம் போட்டும் வண்டி நகரவில்லை என்றால், அப்புறம் சொல்வதற்கு ஒரு சாக்குகூட மிஞ்சாது. அவர் அதை வெளியே சொல்லவில்லை. முதலாளியம்மா வந்து பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு, "உடனே போயி வாங்கிட்டு வாங்க. நாலு டாலிக்கும் சேத்தே வாங்குங்க" என்றார்.

ஆஸ்பத்திரி டிராலிகளுக்குச் சக்கரம் வருகிற கடை மனைவிக்குத் தெரியும். இரண்டு பேரும் போனார்கள். மாதிரிக்கென்று ஒத்தக்கை ஒரு சக்கரத்தை மட்டும் எப்படியோ கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். கடைக்காரர் அதை வாங்கி, அளவு பார்த்து, அதே அளவில் ஒன்றை எடுத்துவைத்தார். ஒத்தக்கை சரி என்று தலையாட்டப் போனார்.

"ஏங்க, அது தேஞ்சுபோனதுங்க" என்றாள் மனைவி. "தேஞ்ச செருப்ப அளவு குடுத்துப் புதுச் செருப்பு வாங்குவீங்களா?"

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். ஒத்தக்கைக்கு வெட்கமாகப் போயிற்று. சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையின் இடைவெளி எவ்வளவு என்று விரலால் காட்டிப் பார்த்தார். பட்டறைக்குப் போன் போட்டு பெயின்டரை அளக்கச் சொல்லிச் சரியான அளவைச் சொன்னார். என்ன பாரம் ஏற்றுவீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். கார் என்றதும் எடுத்துவைத்ததை உள்ளே போட்டுவிட்டு, கெட்டியான வேறு சக்கரங்களைக் கொண்டுவந்தார், நடுவில் பேரிங் வைத்தவை. ஒத்தக்கை ஒன்றை உள்ளங்கையில் வைத்து விரலால் சுண்டினார். அது நிற்கவே மனசில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பதினாறு சக்கரம் மாற்றுவது ஒன்றும் பிரமாதமான வேலை இல்லை என்று நினைத்தார்கள். துருப்பிடித்த நட்டுகள் அப்படி நினைக்கவில்லை. எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஸ்பேனரின் வாலில் குழாயைச் செருகித் திருகி, சுத்தியலால் செல்லமாகத் தட்டி, செல்லம் பலிக்காமல் கெட்ட வார்த்தை சொல்லித் தட்டி, ஒவ்வொன்றாகக் கழற்றினார் ஒத்தக்கை. அச்சு போல்ட்டுகளில் சிலது நடுவில் தேய்ந்து இடுப்பு மாதிரி ஒடுங்கியிருந்தது. அவற்றையும் மாற்றினார். மனைவி பிளேடால் கவைகளில் மிச்சமிருந்த நூலை அறுத்துச் சுரண்டினாள். பெயின்டர் கழுத்துகளுக்கு கிரீஸ் அடைத்தான்.

"அண்ணே, ரொம்பக் கெட்டுப்போனத மட்டும் மாத்தினாப் போதாதா? எல்லாத்தயும் மாத்தணுமா?" என்று கேட்டான் நடுவில்.

"ஒண்ணு உசரம், ஒண்ணு குள்ளமா இருந்தா டாலி ஆடும்டா. உசரமா இருக்கறது மேலயே பாரமெல்லாம் ஏறிக்கும்" என்றார். பல மாதத்துக்குப் பிறகு அவர் குரலில் பழைய அதட்டல் கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

எல்லாம் மாட்டியாயிற்று. ஜீப்பின் நாலு டயருக்கும் டாலியைச் செருகி மிதித்துத் தூக்கியாயிற்று. ஆனால் ஒத்தக்கை தள்ளவில்லை. குனிந்து ஒரு நட்டை இறுக்கினார். எழுந்தார். மறுபடி குனிந்து அதே நட்டை இறுக்கினார். சுற்றி வந்து அடுத்ததை இறுக்கினார். துணியால் கையைத் துடைத்தார், துடைத்த கையையே மறுபடி துடைத்தார். முதலாளியம்மாவும் வந்து நின்றார். வெல்டிங் வேலை நின்றது. கம்ப்ரசர் சத்தம்கூட ஓய்ந்துவிட்டது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

மனைவிக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து, மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "தள்ளுங்க. என்னவா இருந்தாலும் நான் இருக்கேன்."

அவர் ஜீப்பின் பின்பக்கம் போய் நின்றார். ஒரு கையை வைக்க தைரியம் இல்லை. இரண்டு கையையும் வைத்தார், தோளைக் கொடுத்தார், தலையைக் கவிழ்த்தார், இத்தனை மாதம் தள்ளிப் பழகிய மாதிரியே மூச்சைப் பிடித்து, உடம்பில் உள்ள அத்தனை பலத்தையும் திரட்டி ஒரே உந்தாக உந்தினார்.

ஜீப் ஓடிவிட்டது.

நகர்ந்தது என்று சொல்வது பொய். ஓடியது. ஒத்தக்கைக்கு முன்னால் இருந்த பாரம் திடீரென்று காணாமல் போனதும், அந்த மனிதர் அப்படியே நெடுஞ்சாண்கிடையாகக் கீழே விழுந்தார். ஜீப் யாருக்கும் காத்திராமல் பட்டறையின் நடுவே வளைந்து நெளிந்து போய், மூலையில் அடுக்கியிருந்த பழைய டயர்களில் பொத்தென்று மோதி நின்றது. நல்ல வேளை, டயர். பெயின்டர் ஒரு பெயின்ட் டப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டியிருந்தான்.

விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. முகம் தரையில், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ, என்னங்க! அடிபட்டுடுச்சா?" என்று மனைவி ஓடிப்போய்ப் புரட்டினாள். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிய, மூக்கில் அழுக்கு அப்பியிருக்க, சத்தமே வராமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கால் இருக்கு" என்றார். "அடியே, எனக்குக் கால் இருக்குடி."

"இருக்கு, இருக்கு. மூக்கு இருக்கான்னு பாருங்க மொதல்ல" என்றாள் அவள். சொல்லும்போதே அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. சலவைச் சட்டையின் நுனியால் அவர் மூக்கைத் துடைத்துவிட்டாள், எல்லோரும் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்கவில்லை.

அவர் எழுந்து, ஜீப்பிடம் போய், ஒரு கையை வைத்து இழுத்தார். வந்தது. ஒரு விரலை வைத்தார். அதற்கும் வந்தது. "டேய் பெயின்டர்" என்று கத்தினார், "டீ சொல்லுடா!" டீ வந்ததும் ஒரு கையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஜீப்பைப் பக்கவாட்டில் நகர்த்திச் சுவரோரம் சேர்த்தார். பாதி டீ சிந்திவிட்டது. சக்கரங்கள் அத்தனை வேகம். யாரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

"அப்போ மாசக் கடைசி?" என்றார் முதலாளியம்மா.

"எந்த மாசம்மா?" என்றார் ஒத்தக்கை.

போவதற்கு முன்னால் பெயின்டரைக் கூப்பிட்டார். "நாளையிலேர்ந்து நீயும் தள்ளு" என்றார். "உனக்கு எப்ப கனமாத் தெரியுதோ, அப்ப என்கிட்ட வந்து சொல்லு. என்னா?" பெயின்டர் நம்பாமல் முதலாளியம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள், பக்கத்தில் அவர். நாலு நிறுத்தம்வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். சக்கரத்தின் பேரிங்கைப் பற்றிப் பேசினார், ஜீப் ஓடிய ஓட்டத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவளுடைய ஆஸ்பத்திரி டிராலிக்கு எத்தனை சக்கரம், வளைவில் எப்படித் திருப்புவாள் என்றெல்லாம் கேட்டார். இருபது வருஷத்தில் கேட்காததையெல்லாம் கேட்டார். பிறகு சட்டைப் பையில் ஏதோ உறுத்த, கையை விட்டு எடுத்தார். மாதிரிக்குக் கொண்டுபோன பழைய சக்கரம். தேய்ந்த பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"என்னங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல." சக்கரத்தைத் திருப்பிப் பிடித்தார். "எங்கப்பா தள்ளுன வண்டி... அதோட சக்கரத்த யாராச்சும் பாத்திருப்பாங்களா?"

ஆறுதலுக்காக எதையாவது சொல்லிவிடக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

"தெரியலயே" என்றாள். "அவரு யாருகிட்டயாவது சொன்னாரா, தள்ள முடியலன்னு? படுக்கறதுக்கு முன்னாடி?"

"இல்ல. நேரா வந்து உக்காந்துட்டாரு."

"நீங்களும் உக்காரத்தான் பாத்தீங்க."

அவர் தலையை ஆட்டினார். சக்கரத்தை அவள் கையில் கொடுத்தார். அவள் அதை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் பையில் போட்டு மூடிக்கொண்டாள்.

"இனிமே எது கனமாத் தெரிஞ்சாலும் மொதல்ல வீட்டுல சொல்லுங்க" என்றாள். "நானும் ஒரு கை வெச்சுப் பாக்கறேன். அப்புறமா முடிவு பண்ணலாம், போனது காலா, சக்கரமான்னு."

இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. அவர் முதலில் இறங்கி, திரும்பி, அவளுக்குக் கையை நீட்டினார்.